கரண்ட் வந்தால் கூவுகிறவன்

ரேஷன் அட்டைக்கு ஆறு குஞ்சு
என்று கொடுத்தார்கள் அந்த வருடம்,
இறைச்சிக்குப் பதிலாக
என்றைக்காவது இறைச்சியாகப் போவதை.
அம்மா தன் தொப்பியில் வாங்கி வந்தாள்.
பாலம் கடந்து, மலையேறி,
வழியெல்லாம் தொப்பி பேசிக்கொண்டே வந்ததாம்.

மத்தான்சாஸில் மூன்றாம் மாடி.
மண் என்று காலடியில் எதுவும் இல்லை.
குளியல் தொட்டி இருந்தது,
தண்ணீர்தான் வருவதில்லை.
மரத்தூள் பரப்பி அதில் விட்டோம்.

முதல் வாரத்திலேயே நான்கு போயின.
ஒன்று, தம்பி யோஸ்வெல்லின் அன்பு தாங்காமல்:
சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கிவிட்டான்.
இன்றும் அவன் எதிரில் அதைப் பேசுவதில்லை.
மற்ற மூன்றும் காரணம் சொல்லவில்லை.

மிஞ்சியதில் ஒன்று தோமாசா.
இன்னொன்றும் பெட்டைதான் என்று நம்பி
வாழைக்காய்த் தோலும் கஞ்சித் தெளிவும்
ஊட்டி வளர்த்தோம்.
அப்பாவின் கணக்கு நோட்டில்
பிப்ரவரி மாதத்தை முழுசாகத் தின்றது.
பிறகு ஒருநாள், நான் வாளியில் குளித்துக்கொண்டிருக்க,
தொட்டி விளிம்பில் ஏறி நின்று
எண்ணெய் காணாத கதவைப்போல ஒரு சத்தம்.
நான் துண்டைத் தேடினேன்.
வெளியிலிருந்து அப்பா கேட்டார்: "இவளா?"

அல்மிரான்தே என்று பெயர் வைத்தோம்.
தண்ணீரில்லாத தொட்டிக்கு ஒரு கடற்படைத் தளபதி.

தோமாசாவின் முதல் முட்டை
அப்பாவின் தொழிற்சாலைத் தலைக்கவசத்துக்குள் கிடந்தது.
நான்கு பேருக்கு ஒரு முட்டை.
அது பொரியும்வரை யாரும் பேசவில்லை.
மஞ்சள் கரு யாருக்கென்று சீட்டுப் போட்டோம்,
யோஸ்வெல்லுக்கு விழுந்தது.
எனக்கு வேண்டாம் என்றான், அந்தச் சட்டைப்பையை நினைத்து.
பிறகு தின்றான்,
தட்டையும் நக்கினான்.

அல்மிரான்தேவுக்குப் பொழுது என்பது
சூரியன் இல்லை, பல்பு.
பத்து மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்
ஊர் இருண்டு கிடக்கும்.
நடுநிசியில் திடீரென்று வெளிச்சம் வரும்,
அவன் கூவுவான்.
கட்டடம் முழுக்கக் கைதட்டும்.
இரண்டு மணிக்கு அம்மா அரிசி களைவாள்,
அப்பா சட்டைக்கு இஸ்திரி போடுவார்,
யார் வீட்டிலோ ரேடியோ பாதிப் பாட்டில் விழித்துக்கொள்ளும்.
நாற்றம் தாங்கவில்லை என்று
எங்கள்மேல் மனு எழுதிக்கொடுத்த கீழ்வீட்டு ஒனேலியாவும்
சட்டியைத் தட்டிச் சிரிப்பாள்.
(மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.
சனிக்கிழமைக்கு ஒரு முட்டை,
அதுதான் ஒப்பந்தம்.)

எனக்குப் பதினைந்து நிறைகிற நாளுக்கென்று
வைத்திருந்தார்கள் அவனை.
மூன்று மாலை உட்கார்ந்து
அப்பா கத்தி தீட்டினார்.
கத்திதான் தேய்ந்தது.
நான்காம் நாள் அவனைக் கோணியில் போட்டு
ஆற்றுக்கு அக்கரை, வெர்சாயெஸ் பேட்டையில்
உபால்தோ என்பவரிடம் கொடுத்துவிட்டு
ஒரு சைக்கிள் டயரும்
இரண்டு ராத்தல் கறுப்பு பீன்ஸுமாக வந்தார்.
வளர்க்கத்தான் வாங்கினார், சத்தியம் செய்தார் என்றார்.
யாரும் அவரைக் கேட்கவில்லை.
என் விருந்தில் பீன்ஸ் இருந்தது.
புது டயரில் அப்பா என்னை உட்காரவைத்துக் கடற்கரைவரை மிதித்தார்,
கடன் வாங்கிய ரோஸ் கவுன் சக்கரத்தில் சிக்காமல்
இரண்டு கையாலும் நான் பிடித்துக்கொள்ள.

அக்கரைக்கு வேறு மின்கம்பி.
அவர்களுக்கு இருக்கும்போது எங்களுக்கு இருக்காது.
ஒரு ராத்திரி, விசிறி நின்று, கொசு எழுந்து,
நால்வரும் பால்கனியில் கிடந்தோம்.
தோமாசா நாற்காலிக் கையில்.
ஆற்றைத் தாண்டி வந்தது
அந்த எண்ணெய் காணாத கதவு.

தோமாசா தலையைச் சாய்த்தாள்.
அப்பா எழுந்து உட்கார்ந்தார்.
எதிர்க்கரையில் சின்னச் சின்னதாக மஞ்சள்,
எங்கள் தெருவில் மை இருட்டு.
கீழிருந்து ஒனேலியா குரல் கொடுத்தாள்:
"வந்துவிட்டதா?"

"இல்லை ஒனேலியா, அக்கரையில்தான்," என்றாள் அம்மா.
கொஞ்ச நேரம் கழித்து,
"நம்ம ஆள்."